கை வீட்டில், கால் வகுப்பில்

மெதுவாக அசைந்து பழகும் சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சியைப் பல்கலைக்கழகத்தில் தலைகீழ் வகுப்பு முறையில், அதாவது பாடத்தை வீட்டில் வீடியோவில் பார்த்துவிட்டுப் பயிற்சியை வகுப்பில் செய்யும் முறையில், பழக்கலாம் என்று பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். நீண்டகாலம் பயிற்சி செய்தவர்கள், "உடம்பால பழகவேண்டியதைப் போனில பார்த்துப் பழகுறதோ?" என்று முகம் சுளிப்பார்கள். கற்பித்தல் முறைகளில் ஆர்வமுள்ள விரிவுரையாளர்களோ, "வீடியோவை ஏத்திவிடுங்கோ, மிச்சத்தைப் பிள்ளையள் பார்த்துக்கொள்ளுவினம்" என்பார்கள். இந்த இரண்டு பதிலும் நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கின்றன. முதலாமவர் வீடியோவை முழுதாகத் தள்ளுகிறார், மற்றவர் முழுதாக நம்புகிறார். எதை வீட்டுக்கு அனுப்பலாம், எதை அனுப்பவே கூடாது என்று பிரித்துப் பார்க்க இருவருக்கும் பொறுமை இல்லை. தாய்ச்சியில் அந்தப் பிரிப்பு மிகத் தெளிவாகவே இருக்கிறது. கை போகும் வரிசை வீட்டுக்குப் போகலாம். காலில் எடை மாறும் விதம் வகுப்பைவிட்டு வெளியே போகக்கூடாது.

வீட்டில் பாடம், வகுப்பில் பயிற்சி என்ற ஏற்பாட்டைப் பரவலாக்கியவர்கள் கொலராடோவில் இரசாயனவியல் படிப்பித்த ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு பாடசாலை ஆசிரியர்கள். அவர்கள் தொடங்கியது 2007இல். அதற்கு முன்னரே, 2000இல், ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகத்துப் பொருளியல் விரிவுரையாளர்கள் இதே யோசனையை எழுதிவைத்திருந்தார்கள். இரசாயனவியலிலும் பொருளியலிலும் இது சுலபம். விளக்கத்தை வீட்டில் கேட்டுவிட்டு வந்து கணக்கை வகுப்பில் செய்யலாம். உடற்பயிற்சி வகுப்பில் பேச்சு ஏற்கனவே குறைவு, நடப்பதெல்லாம் பயிற்சிதான். அப்படியானால் வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. சீனப் பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு ஆண்டும் உடற்கல்வி கட்டாயம். அங்கே தாய்ச்சியும் ஒரு தெரிவு என்பதால் இந்தக் கேள்வியை அவர்கள் நிறையவே அலசியிருக்கிறார்கள். கொழும்பில் தாய்ச்சி அநேகமாக மாலைநேரப் பயிற்சியாகவோ சீன மொழி வகுப்பின் பக்கத்துணையாகவோதான் பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது. புள்ளி இல்லை, வரவுப் பதிவும் பெயருக்குத்தான். ஆகவே சீனத்து ஏற்பாட்டை அப்படியே இங்கே இறக்கினால் ஒட்டாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வகுப்பு 60 நிமிடம், பிள்ளைகள் 30 பேர், பழக்குபவர் ஒருவர். சூடாக்கும் பயிற்சிக்குப் 10 நிமிடம். புதிய அசைவை முன்னால் நின்று செய்துகாட்டி, திருப்பிக் காட்டி, பின்வரிசைக்காக இன்னொரு தடவையும் காட்டினால் 25 நிமிடம் போய்விடும். மிஞ்சுவது 25. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. அந்த ஒரு நிமிடத்துக்குள் முழங்கால், இடுப்பு, தோள், தலை எல்லாவற்றையும் பார்த்துத் திருத்தவேண்டும். நடக்காது. செய்துகாட்டும் அந்த 25 நிமிடத்தை வெளியே தள்ளினால் திருத்தும் நேரம் இரண்டு மடங்காகிறது. தலைகீழ் வகுப்புக்கு ஆதரவாக எல்லோரும் சொல்லும் காரணம் இது. சரியான காரணம்தான். ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

முன்னால் நிற்பவரின் முதுகு

பல்கலைக்கழகங்களில் பொதுவாகப் பழக்குவது 24 அசைவுத் தொகுப்பு. தாய்ச்சியின் பெரிய பாணிகளில் ஒன்றான யாங் பாணியிலிருந்து சுருக்கி, 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணைக்குழு வெளியிட்டது. ஒழுங்காகச் செய்தால் 4 முதல் 6 நிமிடம். வழமையான வகுப்பில் பழக்குபவர் முன்னால் நிற்பார், பிள்ளைகள் பின்னால் வரிசையாக நின்று அவர் முதுகைப் பார்த்துச் செய்வார்கள். முதல் அசைவு வரைக்கும் பிரச்சினை இல்லை. இரண்டாவது அசைவான ‘குதிரைப் பிடரி பிரித்தல்’ தொடங்கியதும் எல்லோரும் இடப்பக்கம் திரும்பி நடக்கவேண்டும். இப்போது பழக்குபவர் பிள்ளைகளின் வலப்பக்கத்தில் இருக்கிறார். உடம்பு இடப்பக்கம் போக, கண் அவரைத் தேடி வலப்பக்கம் போகிறது. கழுத்து முறுகுகிறது, வலத்தோள் மேலே ஏறுகிறது, இடுப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது.

யாங் பாணியின் ஆசான் யாங் செங்ஃபூ விட்டுச்சென்ற பத்து விதிகளில் முதலாவது, உச்சந்தலை மேல்நோக்கி இலேசாக எழும்பி நிற்கவேண்டும் என்பது. மற்ற ஒன்பதும் அதிலிருந்துதான் இறங்கி வருகின்றன. முன்னால் நிற்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் வகுப்பில் அந்த முதல் விதியையே ஒருவராலும் கைக்கொள்ள முடியாது. பாவம், பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அடுத்தது என்ன என்று தெரியாதவருக்குத் தலையை நேரே வைத்திருக்கும் சுதந்திரம் கிடையாது. நாலு மாதம் இப்படிப் பழகிய வகுப்பைத் திடீரென்று மறுபக்கம் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். பின்வரிசை முன்வரிசையாகும், பார்க்க ஆளில்லாமல் ஐந்தாவது அசைவில் முழு மண்டபமும் நின்றுவிடும்.

வரிசையை வீட்டிலேயே மனப்பாடம் செய்துவிட்டு வருவதன் பெரிய பயன் இதுதான். நேரம் மிச்சப்படுவது இரண்டாம் பட்சம். ‘கொக்குக்குப் பிறகு முழங்கால், முழங்கால் மூன்று முறை, பிறகு வீணை’ என்று அசைவுகளின் பெயரை வாய்க்குள் சொல்லத் தெரிந்த பிள்ளையின் கண் வகுப்பில் யாரையும் தேடாது. தலை தானாக நிமிரும். பழக்குபவரும் முன்னால் நின்றுகொண்டிருக்கத் தேவையில்லை, வரிசைகளுக்கு நடுவே நடந்து திரியலாம்.

இரண்டு பிடரிகளுக்கு நடுவே

வீடியோ எங்கே கைவிடும் என்பதற்கு ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘குதிரைப் பிடரி பிரித்தல்’ இடம், வலம், இடம் என்று மூன்று முறை வரும். இடது பிடரி முடிந்த நிலையில் இடக்கால் முன்னே மடங்கி நிற்கும், வலக்கால் பின்னே நீண்டிருக்கும், இடக்கை கண்மட்டத்தில், வலக்கை இடுப்பருகே. எந்தச் சுவரொட்டியிலும் இருக்கும் அழகான படம் இது. இதற்கும் அடுத்த வலது பிடரிக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று வினாடி இருக்கிறது. அந்த மூன்று வினாடியை யாரும் படம் எடுப்பதில்லை. முழுத் தாய்ச்சியும் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் உடம்பு பின்னால் அமரவேண்டும். எடை முழுவதும் வலக்காலுக்குப் போகவேண்டும். போனபிறகு இடது முன்பாதம் தானாக எழும்பும், குதி மட்டும் நிலத்தில் இருக்கும். எடை இல்லாத அந்தப் பாதத்தை 45 முதல் 60 பாகை வெளிப்பக்கம் திருப்பவேண்டும். திருப்பியபின் பாதம் முழுதாக அமரும், இடது முழங்கால் அந்தப் புதிய திசையிலேயே மடங்கும், எடை மெல்ல முன்னே வரும், இடுப்பு இடப்பக்கம் திரும்பும், கைகள் பந்தைப் பிடிப்பதுபோல் இடக்கை மேலாகச் சேரும். கடைசியாகத்தான் வலக்கால் நிலத்தைவிட்டு எழுந்து இடக்காலின் அருகே வரும்.

வீடியோவைப் பார்த்து வரும் பிள்ளை இதில் எதைப் பார்க்கிறது? கைகள் பந்து பிடிப்பதையும், பின்கால் முன்னே வருவதையும் மட்டும். பின்னால் அமர்வது கண்ணில் படாது. பட்டாலும், ஏதோ சும்மா ஆடி அசைவதாகத் தெரியும். எனவே பிள்ளை எடையைப் பின்னே கொண்டுபோகாமலே, முன்காலில் முழுப் பாரமும் இருக்கும்போதே பாதத்தைத் திருகும். இறப்பர் அடிப்பாகம் கொண்ட சப்பாத்து என்றால் பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், தொடை மட்டும் திரும்பும், இரண்டுக்கும் நடுவே இருக்கும் முழங்கால் முறுகும். ஒரு தடவை முறுகினால் ஒன்றும் ஆகாது. ஒரு மாலையில் நாற்பது தடவை முறுகினால் அடுத்தநாள் படியிறங்கும்போது உட்பக்கம் குத்தும். "தாய்ச்சி முழங்காலுக்கு நல்லதெண்டு சொன்னவை, எனக்கு நோகுது சேர்" என்று வருபவர்களில் அநேகருடைய கதை இந்த மூன்று வினாடிக்குள் இருக்கிறது.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. பின்னால் அமரத் தெரியும், பாதத்தையும் சரியாகத் திருப்பும், ஆனால் எடை முழுதாக முன்னே வந்துசேருமுன் பின்காலை இழுத்துவிடும். அப்போது உடம்பு ஒரு வெட்டு வெட்டி முன்னே விழும். விழுவதை மறைக்கக் கை வேகமாக ஓடும். வீடியோவில் தன்னைத் தானே பதிவுசெய்து பார்த்தாலும் பிள்ளைக்கு இது தெரியாது, கைகள் சரியான இடத்தில் வந்து நின்றுவிடுகின்றனவே! கண்ணால் பிடிக்க முடியாத பிழையைக் கண்ணை மட்டும் நம்பும் ஊடகம் திருத்தாது. பழைய ஆட்கள் முகம் சுளிப்பதில் உள்ள நியாயம் இதுதான். பரதநாட்டியம் பழக்குபவர்கள் அடவு பிடிபடாத பிள்ளைக்கு உருப்படி சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். தாய்ச்சியில் முழுத் தொகுப்பின் வீடியோவை முதல் வாரமே அனுப்புவது அடவு தெரியாமல் வர்ணம் கொடுப்பதுதான். தடை வீடியோவுக்கல்ல, அந்த வரிசைக்குழப்பத்துக்குத்தான் இருக்கவேண்டும்.

வீடியோ எடுக்கும்போது

ஒரு வீடியோவுக்கு ஒரே அசைவு, 3 நிமிடத்துக்குள். இதில் இரக்கம் பார்க்கவேண்டாம். யாங் பாணியின் வரலாறு, தாய்ச்சியை உருவாக்கியதாகச் சொல்லப்படும் சாங் சான்ஃபெங் கொக்கையும் பாம்பையும் கண்ட கதை, யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தாய்ச்சியைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது எல்லாம் நல்ல விசயங்கள்தான். அவற்றைத் தனி வீடியோவாகப் போடுங்கள், விரும்பியவர் பார்க்கட்டும். அசைவு வீடியோவின் தொடக்கத்தில் 40 வினாடி முகவுரை இருந்தால், திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளைக்கு அது முள்.

கமராவை இடுப்பு உயரத்தில், 4 மீற்றர் தள்ளி, பழக்குபவரின் முதுகுப்பக்கம் வையுங்கள். முகம் பார்த்து எடுத்தால் இடம் வலம் மாறும், பாதிப்பேர் வலக்காலில் தொடங்கிக்கொண்டு வருவார்கள். முதுகுப்பக்கம் வைத்தால் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டாவது அசைவில் உடம்பு இடப்பக்கம் திரும்பியதும் அதே கமரா தானாகவே பக்கவாட்டுக் கோணமாகிவிடும், முன்கால் பின்கால் இரண்டும் தெளிவாகத் தெரியும். பிறகு அதே அசைவை, கமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, இடுப்புக்குக் கீழே மட்டும் தெரியும்படி இன்னொருமுறை எடுங்கள். இடக்காலில் சிவப்பு மேஸ், வலக்காலில் வெள்ளை மேஸ். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், பரவாயில்லை. ‘இடக்கால்’, ‘வலக்கால்’ என்று சொல்வதைவிடச் ‘சிவப்பு’, ‘வெள்ளை’ என்று சொன்னால் ஒருவரும் குழம்பமாட்டார்கள். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும் இடத்தில் நிறம் பேசுவது பெரிய உதவி. பட்டுச் சீருடை வேண்டாம், கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட காற்சட்டை போதும். அகலமான பட்டுக் காற்சட்டை முழங்காலை மறைத்துவிடும், பார்க்கவேண்டியதே முழங்காலைத்தான்.

வேகத்தைக் குறைத்துக் காட்டும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். ஏற்கனவே மெதுவான அசைவை இன்னும் மெதுவாக்கினால் எங்கே எடை மாறுகிறது என்பது இன்னும் மங்கும். எடை மாறும் இடத்தில் மூன்று வினாடி அப்படியே நில்லுங்கள். குரல் கொடுக்கும்போது ஒழுங்கு முக்கியம்: முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியாகக் கை. ‘வெள்ளையில் அமருங்கோ, சிவப்பு விரல் எழும்பட்டும், இடுப்பு திரும்பட்டும், கை சேரட்டும்.’ கையிலிருந்து தொடங்கிச் சொன்னால் பிள்ளை கையிலிருந்துதான் ஆடத் தொடங்கும்.

வீடியோவின் இறுதியில் வினாடிவினா வைக்கும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. ‘மூன்றாவது அசைவின் பெயர் என்ன?’ என்று நாலு விடை கொடுப்பது வீண்வேலை. காலைப் பார்க்கவைக்கும் ஒரேயொரு கேள்வி போதும். ‘வெண்கொக்கு சிறகு விரித்தல்’, ‘வீணை மீட்டல்’ இரண்டிலும் இடக்கால் எடையின்றி முன்னே இருக்கும். கொக்கில் முன்பாதம் நிலத்தைத் தொடும், வீணையில் குதி தொடும். எதில் எது என்று கேளுங்கள். விடை சொல்வதற்காகவாவது பிள்ளை ஒருமுறை கையிலிருந்து கண்ணை எடுத்துக் காலைப் பார்க்கும்.

போர்டிங் அறையும் டேட்டாவும்

மேற்கு நாட்டுக் கட்டுரைகள் தொடாத இடம் இது. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ போர்டிங்கில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு கட்டில், ஒரு மேசை போக மிஞ்சும் தரை எவ்வளவு? நீட்டி நடக்க இரண்டு மீற்றர் கிடைத்தாலே பெரிய காரியம். 24 அசைவுத் தொகுப்பு ஒரு கோட்டில் முன்னேறிப் பின்வரும். முதல் ஐந்து அசைவுக்கே ஐந்தாறு மீற்றர் வேண்டும். மொட்டைமாடிக்குப் போகலாம், ஆனால் காயப்போட்ட உடுப்புகளுக்கு நடுவே, பக்கத்து வீட்டு யன்னல்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதல் வருடப் பிள்ளை கையை விரிக்கக் கூச்சப்படும். காலி முகத்திடலில் போய்ச் செய்யச் சொல்வது பழகியவர்களுக்குச் சரி.

ஆகவே வீட்டு வேலையை அறைக்கேற்ப வெட்டவேண்டும். முன்னேறி நடக்கும் அசைவுகளில் கால் போகும் தூரத்தை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே கை வரிசையையும் இடுப்புத் திருப்பத்தையும் மட்டும் செய்யச் சொல்லலாம். ‘மேகக் கைகள்’ பக்கவாட்டில் போகும் அசைவு, அதை நின்ற இடத்திலேயே எடையை வலமும் இடமும் மாற்றிச் செய்யலாம். இன்னொரு வழி, தொடக்க வகுப்புகளுக்கு 24ஐ விட்டு 8 அசைவுத் தொகுப்பை எடுப்பது. குரங்கை விரட்டல், முழங்கால் துடைத்தல், குதிரைப் பிடரி, மேகக் கைகள், ஒற்றைக்கால் சேவல், குதியால் உதைத்தல், சிட்டுக்குருவி வால் பிடித்தல், கைகள் குறுக்கிடல். கடைசி அசைவைத் தவிர ஒவ்வொன்றும் இடமும் வலமுமாக வருவதால் ஓர் அடி போய் அதே இடத்துக்குத் திரும்பிவிடலாம். சிறிய அறைக்கு இதைவிடப் பொருத்தமான தொகுப்பு இல்லை. எங்கள் ஊர் ஆட்கள் ‘24தான் அசல்’ என்று பிடிவாதம் பிடிப்பது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. அதுவே ஒரு சுருக்கம்தானே.

தரையையும் சொல்லிவிடவேண்டும். மழைக்காலத்தில் டைல் தரையில் வெறுங்கால் வழுக்கும், மேஸோடு நின்றால் இன்னும் மோசம். பாட்டாவோடு செய்யக்கூடாது, குதி வெளியே நழுவும். தட்டையான அடிப்பாகம் உள்ள கன்வஸ் சப்பாத்து போதும். டைலில் ஒரு நன்மையும் உண்டு. ஓர் அடி டைல் 30 சென்ரிமீற்றர். குதிரைப் பிடரியில் இரண்டு குதிகளுக்கும் இடையே பக்கவாட்டு அகலம் 10 முதல் 30 சென்ரிமீற்றர் இருக்கவேண்டும் என்பதால், டைலின் ஒரு ஓரக் கோட்டில் ஒரு குதியையும், அதே டைலுக்குள் மற்றக் குதியையும் வைத்துப் பார்க்கலாம். இரண்டு குதியும் ஒரே கோட்டில் வந்தால் இடுப்பு திறக்காது, உடம்பு தள்ளாடும். தொடக்கநிலைப் பிள்ளைகளில் அநேகர் செய்வது அதுதான்.

டேட்டா விசயத்தில் கருணை வேண்டும். போனில் 1080பியில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒரு நிமிடமே 100 மெகாபைட்டைத் தாண்டலாம். செக்கனுக்கு 500 கிலோபிற் அளவுக்குச் சுருக்கினால் 3 நிமிட வீடியோ சுமார் 11 மெகாபைட்டுக்குள் அடங்கும், பின்னணி ஆடாமல் அசையாமல் இருந்தால் பாதங்களும் தெளிவாகவே தெரியும். பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கற்றல் தளமான மூடிலில் பார்க்கமட்டும் விடாமல் தரவிறக்கவும் விடுங்கள். இரவு டேட்டாவில் இறக்கி வைத்துக்கொண்டு பகலில் எத்தனை தடவையும் பார்ப்பார்கள். ஓடவிட்டே பார்க்கவேண்டும் என்றால் ஒரு தடவையோடு நிறுத்திவிடுவார்கள், ஒரு தடவை பார்த்து வரிசை மனதில் நிற்காது.

பேப்பர் துண்டு

வகுப்பில் என்ன நடக்கவேண்டும்? சூடாக்கும் பயிற்சி முடிந்ததும் வீடியோவில் பார்த்த அசைவை உடனே செய்யவிடாதீர்கள். முதல் பத்து நிமிடம் கையே வேண்டாம். கைகளை இடுப்பின் பின்னே கட்டிக்கொண்டு மண்டபத்தின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை பூனை நடை. குதி தொடும், பாதம் அமரும், எடை வரும், பின்னால் அமரும், முன்பாதம் திரும்பும், எடை வரும், பின்கால் எழும்பும். கை இல்லாதபோது மறைக்க ஒன்றும் இல்லை. யார் எங்கே விழுகிறார் என்பது அப்பட்டமாகத் தெரியும்.

பிறகு பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரியுங்கள். இங்கே ஒரு பழைய வீரகேசரித் தாள் போதும், நாலாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. ஒருவர் அசைவைச் செய்வார், அவருடைய பின்பாதத்தின் கீழே பேப்பர் இருக்கும். எடை முழுதாக முன்னே போய்விட்டது என்று அவர் நினைக்கும் கணத்தில் ‘இப்ப’ என்று சொல்வார். மற்றவர் குந்தியிருந்து பேப்பரை இழுப்பார். தாள் சத்தமின்றி வந்தால் எடை போய்விட்டது. கிழிந்தால் போகவில்லை. சொல்லி விளங்கவைக்கப் பல வாரம் எடுக்கும் விசயம் இரண்டு கிழிந்த தாளில் விளங்கிவிடும், சிரிப்பும் வரும். இன்னொரு நன்மை, இதில் யாரும் யாரையும் தொடத் தேவையில்லை. ஆண் பெண் கலந்த வகுப்பில் இடுப்பையும் தொடையையும் கைவைத்துத் திருத்துவது பழக்குபவருக்கும் சங்கடம், பிள்ளைக்கும் சங்கடம். தொட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் கேட்டுவிட்டுத் தொடவேண்டும். அதற்கும் ஒரு பிரம்பின் முனை போதும்.

பார்த்துத் திருத்தும் மற்றவருக்கு மூன்று விசயத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முன்முழங்கால் விரல்நுனியைத் தாண்டுகிறதா, முழங்கால் பாதம் காட்டும் திசையிலேயே மடங்குகிறதா, பின்காலை எடுக்கும்போது தலை மேலே துள்ளுகிறதா. இரண்டாவதைச் செய்பவரே சோதிக்கலாம். கீழே பார்த்தால் முழங்காலின் உட்பக்கமாகப் பெருவிரல் தெரியவேண்டும், முழங்கால் அதை மறைத்தால் உள்ளே சரிந்துவிட்டது. பத்துக் குறிப்புகள் எழுதிய தாளைக் கையில் கொடுத்தால் பிள்ளை தாளைத்தான் பார்க்கும்.

கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து, பழக்குபவர் பின்னால் நிற்க, வாய்பேசாமல் ஒருமுறை. அவரைப் பார்க்க முடியாது என்பதால் முதல் இரண்டு கிழமை தடுமாறும். தடுமாறட்டும். மறந்துபோய் நடுவில் நிற்பவரைத் திட்டாமல், அடுத்த அசைவில் சேர்ந்துகொள்ளச் சொன்னால் போதும்.

பார்க்காமல் வருகிறவர்கள்

எப்போதும் இருப்பார்கள். புள்ளியில்லாத மாலை வகுப்பில் இன்னும் அதிகம் இருப்பார்கள். பழக்குபவர் செய்யும் பெரிய தவறு, அவர்களுக்காக இரங்கி முன்னால் போய் நின்று முழுவதையும் மீண்டும் செய்துகாட்டுவது. அப்படி ஒருமுறை செய்துவிட்டால் பார்த்துக்கொண்டு வந்தவர்களும் அடுத்தமுறை பார்க்கமாட்டார்கள், பார்த்தவர் முட்டாளாகிறாரே. பூனை நடைக்கு எல்லோரும் வரட்டும், அதற்கு வீடியோ தேவையில்லை. அது முடிந்ததும் பார்க்காதவர்கள் விறாந்தையில் போய் ஒரு போனில் பார்த்துவிட்டு வரட்டும், 10 நிமிடம். தண்டனையாக வேண்டாம், சும்மா ஓர் ஏற்பாடாக.

வீட்டில் செய்ததைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்வதென்றால் 20 வினாடி, இடுப்புக்குக் கீழே மட்டும், முகம் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாதீர்கள். அறையைப் பகிர்ந்து இருப்பவர்கள், வீட்டு உடுப்பில் நிற்பவர்கள், ஆடுவதைப் பார்த்தால் தம்பி தங்கைச்சி சிரிப்பார்கள் என்று பயப்படுபவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். மூடிலில் பழக்குபவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். 30 பதிவு, தலா 20 வினாடி என்றால் பத்தே நிமிட வேலை. யாருடைய பாதம் பாரத்தோடு திருகுகிறது என்பது வகுப்புக்கு முதல்நாளே தெரிந்துவிடும், வகுப்புக்குள் நுழையும்போது எந்த ஐந்து பேரிடம் முதலில் போகவேண்டும் என்று தெரிந்தே நுழையலாம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 25 நிமிடம் மிச்சப்படுவதைவிட, அந்த 25 நிமிடத்தை யாரிடம் செலவழிப்பது என்று முன்கூட்டியே தெரிவது பெரிது.

மதிப்பீடு வைப்பதென்றால் வரிசை தெரிகிறதா என்பதற்குப் பாதிக்குமேல் கொடுக்கவேண்டாம். வரிசை வீடியோவின் உழைப்பு, வகுப்பின் உழைப்பு வேறு. தொகுப்பின் நடுவே ஏதாவது ஓர் இடத்தில் ‘நில்லுங்கோ’ என்று சொல்லி, எடையில்லாத காலை எழுப்பச் சொல்லுங்கள். எழும்பினால் புள்ளி. உடம்பு ஆடினால் குறையும். கையழகுக்கு ஒன்றும் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் எதைப் பழகவேண்டும் என்று தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 24 அசைவுகளையும் எட்டுக் கூட்டமாகப் பிரிப்பது வழக்கம். 15 வாரத் தவணையில், பகிஷ்கரிப்பும் பரீட்சையும் மழையும் தின்றதுபோக நாலு கூட்டம், அதாவது 11ஆம் அசைவான இரண்டாவது ஒற்றைச் சாட்டை வரை போனால் போதும். அதற்கு அப்பால் உதைகளும், அதன்பின் ‘பாம்பு கீழிறங்கல்’ என்ற தாழ் நிலையும் வருகின்றன. உதைக்கு வீடியோ அனுப்பலாம், சுவரைப் பிடித்துக்கொண்டு பழகச் சொல்லி. பாம்பு வேறு. ஒரு காலில் முழுதாகக் குந்தி மறுகாலை நிலத்தோடு நீட்டவேண்டும். வீடியோவில் காட்டுபவர் எவ்வளவு தாழப் போகிறாரோ அவ்வளவு தாழப் போகத்தான் பத்தொன்பது வயதுப் பிள்ளை பார்க்கும், தனியறையில், சூடாக்காத உடம்போடு. குந்தும் காலின் குதி எழும்புவதும், முழங்கால் உள்ளே சரிவதும், அதை ஈடுசெய்ய முதுகு வளைவதும் அடுத்தடுத்து நடக்கும், நிறுத்தச் சொல்ல ஆள் இருக்காது. அந்த ஓர் அசைவுக்கு வீடியோ எடுக்கவே வேண்டாம். மண்டபத்தில், கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் அனுமதிக்கும் உயரத்தில் பழக்கினால் போதும்.